தை மாதத்தில் ஒழுகும் கூரை

மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் அது ஒரு விஷயமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காஞ்சிபுரத்தில் ஒழுகாத பழைய ஓட்டு வீட்டைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். ஆனால் தை பிறந்து, வானம் பளிச்சென்று இருக்கும்போது, விடியற்காலை ஐந்து மணிக்குப் பரண் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால்?

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் இதுதான் கதை. நெசவாளர் வீடு. கீழே தறிக்குழி, மேலே பலகை அடித்த பரண். பரணில் பாவு, ஊடை நூல், கட்டி வைத்த சேலைகள். நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போட்ட வருஷத்திலிருந்து ஒழுகல். ஒரு கான்ட்ராக்டர் வந்து 'ஆணி ஓட்டை சார்' என்று தார் மாதிரி எதையோ பூசிக் காசு வாங்கிப் போனார். அடுத்த தையிலும் ஒழுகியது. இன்னொருவர் வந்தார், இன்னொரு பூச்சு. மழையே பெய்யாதபோது ஓட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை!

தண்ணீர் கீழிருந்துதான் போகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்தாலும் தறிக்குழியில் ஊற்று உடனே வற்றாது. மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கூடவே சமையலறை ஆவி, வீட்டில் தூங்குகிற ஆறு பேர் மூச்சு. பனிக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஈரக் காற்று நேராகப் பரணுக்கு ஏறுகிறது. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துவிடும். வீட்டுக்குள் 26 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 22 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே அந்த ஆவி தண்ணீராகத் தொடங்கிவிடும். தை மாத விடியலில் தகரம் அதற்கும் கீழே போவது சர்வ சாதாரணம். நாட்டு ஓட்டில் ஆயிரம் சந்து. ஆவி அப்படியே வெளியே போய்விடும். தகரத்தில் எங்கே போகும்?

கடைசியில் செய்தது இவ்வளவுதான். தறிக்குழியை இறைத்துக் காய வைத்தார்கள். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரிலும் ஜாலி வைத்தார்கள். பூச்சுக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை.

இது ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பட்டு ஈரத்தை இழுக்கிற சரக்கு. காய்ந்த பட்டு 100 கிலோ என்றால் சாதாரணக் காற்றிலேயே 11 கிலோ ஈரம் வாங்கும் என்று கணக்கு வைத்துத்தான் பட்டு வியாபாரத்தில் எடையே போடுகிறார்கள். நல்ல புழுக்கத்தில் தன் எடையில் 30 சதவீதம் வரை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. பூஞ்சைக்குத் தெரியும் :-) சரிகையில் இருக்கிற வெள்ளியும் ஈரத்தில்தான் சீக்கிரம் கருக்கும். மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்த சேலை, யாரும் தொடாமலே பரணில் வீணாகும்.

அதனால் பூசுவதற்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு சதுர பாலிதீன் தாளை மேல்தளத்தின் அடியிலோ சுவரிலோ வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் காற்றில் இருக்கிற ஈரம். தாளுக்கு உள்பக்கம் நனைந்தால் தளத்திலிருந்தோ சுவரிலிருந்தோ வருகிறது. மழை ஒழுகல் என்று சந்தேகம் வந்தால், ஒருவர் பரணில் உட்கார, இன்னொருவர் கூரையில் கீழ் வரிசையிலிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடட்டும். மேலே ஆரம்பித்தால் கூரை முழுக்க நனைந்துவிடும், ஒன்றும் புரியாது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்றும் நம்பாதீர்கள், தண்ணீர் கைமரத்தின் மேலேயே பல அடி ஓடிவந்துதான் விழும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். அதற்கும் கூரைக்கும் சம்பந்தமில்லை.

ஓதம் என்றதும் கைலாசநாதர் கோயில் ஞாபகம் வருகிறது. 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்மன் கட்டியது. மேலே மணற்கல், அடியில் கருங்கல். மணற்கல் தண்ணீரை உறிஞ்சும். கருங்கல் கிட்டத்தட்ட உறிஞ்சாது. பாரம் தாங்கத்தான் வைத்தார்களோ என்னவோ, தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கவும் அது உதவும். ஈரத்துக்கு வழி தெரிந்து கட்டினால் பூச்சு தேவைப்படாது என்பது என் கட்சி.

இதைச் சொல்லக் காரணம், நம் ஊரில் மிச்சமிருக்கிற மெட்ராஸ் டெரஸ் வீடுகள். தேக்குக் கட்டைகள் மேல் செங்கலைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பு போட்டு அடித்த தளம் அது. சுண்ணாம்பு கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். அதன் தலையில் சிமென்ட்டைப் போட்டு மூடினால், விரிசல் வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. அடியில் இருக்கிற தேக்குதான் அதைச் சுமக்கும்.

'ஈரத்தில் மரம் கெடும் என்றால் அத்திவரதர் எப்படி?' என்று கேட்பீர்கள். 1979-க்குப் பிறகு 2019-ல்தான் குளத்திலிருந்து எழுந்தருளினார், நாற்பது வருஷம் தண்ணீருக்குள்! பக்தி விஷயத்துக்குள் நான் போகவில்லை, மரத்தை மட்டும் சொல்கிறேன். மரத்தைத் தின்கிற பூஞ்சைக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிய மரத்தில் காற்று இல்லை. நம் வீட்டுக் கட்டைக்கு இரண்டும் தாராளமாகக் கிடைக்கிறது. முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த முனைதான். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய், சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே இறங்கினால் சிமென்ட் மூட்டை வாங்கப் போகாதீர்கள், தச்சரைக் கூப்பிடுங்கள்.