நட்டக் கணக்கும் நெடுஞ்சாலையும்

நமது நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட விசித்திரமான வழக்கம் ஒன்றுண்டு: வீதிக்குக் கொட்டும் பணம் அபிவிருத்தி என்று போற்றப்படுகிறது, புகையிரதத்துக்குக் கொடுக்கும் பணமோ நட்டம் என்று எழுதப்படுகிறது. டிக்கட் விற்ற பணத்தையும், டீசலுக்கும் சம்பளத்துக்கும் போன பணத்தையும் ஒரே ஏட்டில் பதிந்து வைக்கும் திணைக்களமாகையால் அதன் குறை எவர் கண்ணுக்கும் உடனே புலப்படுகிறது. ஏ9 வீதி இவ்வாண்டு எவ்வளவு உழைத்தது என்று கேட்பார் ஒருவருமில்லை.

1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கி, 1905இல் கொழும்புடன் இணைக்கப்பட்ட நமது கோச்சி, குடாநாட்டின் புகையிலையையும் வெங்காயத்தையும், பிற்காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்தையும் தெற்கே கொண்டு சென்றதோடு, அரசாங்க உத்தியோகத்தை நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்தையே ஊருக்கும் கொழும்புக்குமிடையே ஏற்றி இறக்கியது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1956 ஏப்ரலில், யாழ்தேவி தன் முதற் பிரயாணத்தைத் தொடங்கியது என்பது சரித்திரத்தின் வினோதங்களுள் ஒன்று. 1990 ஜூனில் சேவை நின்றபின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் திரும்பி வந்தது இந்தியக் கடனால். பாதையை அமைத்ததும் இந்திய அரசின் இர்கோன் நிறுவனமே. ஏ9 வீதி சீனக் கடனால் புதுப்பிக்கப்பட்டது. இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. கடன் தருபவன் பாதை போட்டுத் தருவான்; கடவையில் நிற்பவருக்குச் சம்பளம் தரமாட்டான். அது நமது திறைசேரியின் பொறுப்பு. அப்பொறுப்பு எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பதை அறிய விரும்புவோர், வடக்கின் கடவைகளில் வெயிலிலும் மழையிலும் ஒரு சிறு கொட்டிலை நிழலாகக் கொண்டு, வண்டி வரும் நேரமெல்லாம் வீதியை மறித்து நிற்கும் காவலாளரைக் கேட்கட்டும். புகையிரதத் திணைக்களத்தால் அன்றிப் பொலிஸார் மூலம், நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவில் அமர்த்தப்பட்ட இவர்கள், நிரந்தர நியமனம் கோரிப் பன்முறை வீதிக்கு இறங்கிப் போராடியவர்கள். காவலற்ற கடவைகளில் மாண்டவர்களின் கதையோ வேறு.

இனி நெடுஞ்சாலை. வடக்குக்கு வரும் என்று ஆரவாரமாகப் பேசப்பட்ட அதிவேகப் பாதை மத்திய அதிவேக நெடுஞ்சாலையாகச் சுருங்கி, அதில் மீரிகமையிலிருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. ஜப்பானின் சலுகைக் கடனில் கொழும்பில் அமையவிருந்த இலகு ரயில் திட்டத்தை, செலவு அதிகமென்று காரணங்காட்டி 2020இல் கைவிட்டதும் இந்நாடே. வீதியென்றால் தொகுதிக்கொரு ஒப்பந்தம், ஒப்பந்தத்துக்கொரு அடிக்கல், அடிக்கல்லுக்கொரு மாலை உண்டு; பழைய பாதையில் ஒரு வண்டியைக் கூடுதலாக ஓட்டுவதற்கு எந்த மந்திரியும் நாடா வெட்டப் போவதில்லை. அரசியலின் கணக்கு இவ்வளவே என்பது என் துணிபு.

வீதி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரவில் தம்புள்ளைச் சந்தைக்குப் புறப்படும் லொறிக்கும், போதனா வைத்தியசாலைக்கு விரையும் நோயாளிக்கும் நல்ல வீதி அவசியம். அது நம்மிடம் இருக்கிறது. ஆனால் வாகனமும் எரிபொருளும் டொலர் கொடுத்து வாங்கவேண்டிய நாடு, ஒரே இழுவையில் நூற்றுக்கணக்கானோரை இழுத்துச் செல்லும் வண்டியைப் பட்டினி போடுவது சிக்கனமாகாது. 2022இல் பெற்றோலுக்கு இரவுபகலாக வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, யாழ்ப்பாணம் வரையான அதிவேகப் பாதையைப் பற்றிய புதிய வாக்குறுதிகளுக்குக் கைதட்டுமுன், கடவைக் காவலாளரைத் திணைக்களத்தில் நிரந்தரமாகச் சேர்ப்பதற்கும், சுன்னாகத்து வெங்காயத்தை ஏற்றிச் செல்ல இரவுச் சரக்கு வண்டியொன்றை ஓட்டுவதற்கும் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கும்படி நமது பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, எழுந்து நின்று கேட்கவேண்டும்.