சாவியைத் திருகினால் வெளிச்சமே இல்லையா?

கொல்லிமலைக்கு பைக்கில் கிளம்பும் மாணவர்கள் டியூப், பம்ப், பிளக் ஸ்பேனர் எல்லாம் மறக்காமல் எடுத்துக்கொள்வார்கள். இக்னிஷன் சுவிட்சைத்தான் யாரும் நினைப்பதில்லை. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் சுவிட்ச் வயரும் மடங்கி நிமிர்கிறது. என்றாவது உள்ளுக்குள் அறுந்துவிடும். அப்புறம் சாவியை எவ்வளவு திருகினாலும் பலனில்லை.

"வயரைப் பிடுங்கி விடு மச்சி, ஓடிடும்" என்பார் கூட வந்தவர். பாதிதான் உண்மை! பழைய ஏசி சிடிஐ வண்டிகளில் சாவியை அணைத்தால், சுவிட்ச் சிடிஐ வயரை எர்த்தில் சேர்த்து எஞ்சினை நிறுத்துகிறது. அங்கே கப்ளரைக் கழற்றி, கிக்கரை உதைத்தால் ஓடும். பேட்டரி கரண்டில் பொறி வரும் வண்டியில் கதை தலைகீழ். சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட்டே போகிறது. கழற்றினால் போச்சு, இரண்டு வயரைச் சேர்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு வந்த பைக்குகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

எந்த வகை என்று இருட்டில், மழையில் ஆராய முடியாது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறே மெக்கானிக்கிடம் கேட்டு, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, சேர்க்க வேண்டிய வயர்களில் டேப் சுற்றி வைக்கலாம். ஃபியூஸ் வைத்த ஒரு முழ வயர், உதிரி ஃபியூஸ், இன்சுலேஷன் டேப் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். வழியில் நின்றால் முதலில் ஃபியூஸையும் கில் சுவிட்சையும் பார்ப்பது நல்லது. டீ குடிக்க நிறுத்தினால் சேர்த்த வயரைப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் பேட்டரி காலி.

பைக் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது மக்களே, அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரவும் தெரிய வேண்டும்!