பூர்வீகமாம், பூர்வீகம்!

மலேசியாவிலிருந்து குடும்பத்தோடு பூர்வீகம் பார்க்கக் கிளம்புகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அங்கே எந்த மண் உங்களுக்குச் சொந்தமாக இருந்தது?

போன தை மாதம் பதினோரு பேர் மன்னார்குடிப் பக்கம் போனோம். தலைவாழை இலை, ஆட்டுக்கறிக் குழம்பு, இறால் தொக்கு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கய்யா, உன் பூட்டன் மண்ணுல வெளஞ்ச அரிசி" என்றார் அத்தை. சித்தப்பா கண் கலங்கி, அறுப்பு நடந்துகொண்டிருந்த வயலில் இறங்கி செல்ஃபி எடுத்தார். "நம்ம மண்ணு, நம்ம மண்ணு" என்று ஒரே புலம்பல்.

சித்தப்பா, அது பண்ணையார் மண்ணு. பூட்டன் அதில் பண்ணையாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினாரே, அது பயணம் இல்லை, தப்பித்தல். ரப்பர் தோட்டத்துக் கங்காணி ஒன்றும் யோக்கியன் இல்லை. ஆனாலும் பூட்டன் ஊர் திரும்பவில்லை பாருங்கள். தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூடுதல் கூலி கேட்டவர்களின் தெருவில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள்.

இதையெல்லாம் விழுங்கிவிட்டு 'கிராமத்துப் பாசம்' என்று ஸ்டேட்டஸ் போட எப்படி மனசு வருகிறது? பாசம் பொய்யில்லை, அந்த இறால் கடனுக்கு வாங்கியது. அத்தை குடியிருக்கும் மனைக்கு இன்றுவரை பட்டா இல்லை. கிளம்பும்போது சித்தப்பா ஐயனார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஆயிரம் ரிங்கிட் கொடுத்தார். பட்டா மனு என்னாச்சு என்று அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான்.