டேங்க்கை நிரப்பிட்டா ஆச்சா?

"என்னவே, கம்ப்யூட்டர்ல ஓட்டுத பிளேனுக்குப் போயி பெட்ரோல் கணக்கு போட்டுக்கிட்டு இருக்கீரு?"

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பர் கேட்டது. லண்டன்லேர்ந்து சென்னைக்கு ஓட்டுறதுக்காக அரை மணி நேரமா பேப்பர்ல கூட்டிக் கழிச்சிட்டு இருந்தேன். "அன்லிமிடெட் ஃபியூயல்னு ஒரு டிக் இருக்குல்லா, அதைப் போட்டுட்டு கிளம்பும்"னு சொல்லிட்டு காபியைக் குடிச்சிட்டுப் போயிட்டார். நானும் சிரிச்சு வச்சேன். ஆனா மனசு கேக்கலை. அதான் இந்தப் பதிவு.

என் கட்சி இதுதாங்க. ஃப்ளைட் சிமுலேட்டர்ல நீண்ட தூரம் போறவங்களுக்கு எரிபொருள்தான் விளையாட்டே. கிளம்பும்போது இருபது நிமிஷம், இறங்கும்போது அரை மணி நேரம் வேலை இருக்கும். நடுவுல ஒம்பது மணி நேரம் ஆட்டோபைலட் ஓட்டும். அந்த நேரத்துல நாம எடுக்கிற முடிவு எல்லாமே எரிபொருளைச் சுத்தித்தான். அதையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது ஸ்கிரீன்சேவர் :-)

சிலர் அந்த டிக்கைப் போட மாட்டாங்க, ஆனா டேங்க்கை முழுசா நிரப்பிடுவாங்க. "அதிகமா இருந்தா நல்லதுதானே?" இல்லை. போயிங் 787-8க்கு முழு டேங்க்னா சுமார் 1,26,000 லிட்டர், எடையில 100 டன். லண்டன்-சென்னை பத்து மணி நேரம். மணிக்கு 5 டன்னு வச்சாலும் செலவு 50 டன்தான். ஆளையும் ஏத்தி டேங்க்கையும் நிரப்பினா, கிளம்ப அனுமதிச்ச 228 டன்னைத் தாண்டிடும். ஆளைக் குறைச்சு 228க்குக் கொண்டுவந்தாலும் சென்னைக்கு வரும்போது எடை 178 டன். இறங்க அனுமதி 172 தான்! இது போக, சும்மா சுமக்கிற எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். 10 டன் கூடுதலா ஏத்தினா பத்து மணி நேரத்துல அதுல மூணு டன் கிட்ட காலி.

சரி, எவ்வளவுதான் போடணும்? பயணத்துக்கு 50. எதிர்பாராததுக்கு அதுல அஞ்சு சதவீதம், 2.5. சென்னையில இறங்க முடியலைன்னா பெங்களூரு போக ஒரு 3. கடைசியா அரை மணி நேரம் வட்டமடிக்கிற அளவுக்கு 2 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போறதுக்குக் கொஞ்சம். ஆக மொத்தம் 58 டன்.

இதுல அந்தக் கடைசி அரை மணி நேரம் இருக்கே, அது நம்மளுது இல்லை. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். ஜூன்ல கார் சாகுபடிக்குத் தண்ணி திறக்கணும்னா முதல்ல பாபநாசம் அணையில எத்தனை அடி இருக்குன்னு பார்ப்பாங்க. 143 அடி அணையில கொஞ்சமா கிடக்கிற தண்ணியை "மழை வந்துரும்"னு நம்பி வயலுக்கு விட்டுட்டா, மழை ஏமாத்தினா குடிதண்ணிக்கு எங்கே போறது? கையில இருக்குங்கிறதும் செலவழிக்கலாம்ங்கிறதும் வேற வேற.

இவ்வளவு பேசுற நானே சொதப்பியிருக்கேன். ஒரு தடவை இதே ரூட், இதே 58 டன். எடை குறையக் குறைய மேல ஏறணும்; நான் சாப்பிடப் போய் மறந்துட்டேன். ரெண்டு மணி நேரம் கீழ்மட்டத்துலயே எதிர்காத்துல போயிருக்கு. மும்பை பக்கம் வரும்போது பார்த்தா அந்த 2.5 டன் காலி. மும்பையில இறங்கியிருக்கலாம். "இன்னும் எட்டு டன்னுக்கு மேல இருக்கே, பார்த்துக்கலாம்"னு வந்துட்டேன். சென்னையில இடி மழை. ஒரு தடவை இறங்கப் பார்த்து மேலே தூக்கி, சுத்தி வந்து மறுபடி பார்த்து, அதுவும் முடியாம பெங்களூரு. இறங்கும்போது மிச்சம் 1.2 டன். சிமுலேட்டர் "வெற்றி"ன்னு சொல்லுச்சு. என் கணக்குல அது தோல்வி.

நிஜத்துலயும் இப்படித்தான் நடந்திருக்கு. பொதிகை மலைக்கு அந்தப் பக்கம், 18 ஆகஸ்ட் 2015. இப்ப இல்லாமப் போன ஜெட் ஏர்வேஸோட போயிங் 737, தோஹாவிலேர்ந்து கொச்சிக்கு வந்தது. மாற்றா குறிச்சிருந்தது பெங்களூரு. கொச்சியில மூணு தடவை இறங்கப் பார்த்தாங்க, ஓடுபாதை தெரியலை. அதுக்குள்ள பெங்களூரு எட்டாத தூரமாயிடுச்சு. பக்கத்துல இருக்கேன்னு திருவனந்தபுரம் போனா அங்கேயும் அதே மேகம். மூணு தடவை முடியாம நாலாவது தடவை இறங்கினாங்க. டேங்க்ல மிச்சம் 350 கிலோ கூட இல்லை. இன்னொரு சுத்து சுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

ஜூன் 2025ல கூட குவஹாத்தியிலேர்ந்து வந்த இண்டிகோ விமானம் சென்னையில இறங்க முடியாம பெங்களூரு பக்கம் போய், எரிபொருள் குறைவுன்னு "மேடே" சொல்லி இறங்குச்சு. விதி அதைத்தான் சொல்லுது. அந்தக் கடைசி அரை மணி நேரத்துல கை வைக்க வேண்டியிருக்கும்னு கணக்குல தெரிஞ்ச உடனே, கூச்சப்படாம "மேடே" சொல்லணும். தீர்ந்து போன பிறகு சொல்ற வார்த்தை இல்லை அது.

எரிபொருள் தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம வாய்ப்புங்க ஒவ்வொண்ணா தீர்ந்து போகுது. எனக்கு மும்பை போச்சு, அவங்களுக்கு பெங்களூரு போச்சு. டேங்க்ல எத்தனை டன் இருக்குன்னு மட்டும் பார்த்தா இது தெரியாது. வழியில ஒவ்வொரு புள்ளியிலயும் "இங்கே எவ்வளவு இருந்திருக்கணும், எவ்வளவு இருக்கு"ன்னு எழுதிப் பார்த்தாத்தான் தெரியும். ஒரு பேனாவும் பழைய நோட்டும் போதும்.

அதனால அந்த டிக்கை எடுத்துடுங்க. கணக்கு போட்டு ஏத்துங்க. "இந்த அளவுக்குக் கீழே வந்தா இன்ன ஊர்ல இறங்கிடுவேன்"னு கிளம்பும்போதே எழுதி வச்சுக்குங்க. அந்த நேரத்துல யோசிச்சா, நம்ம மனசு "பார்த்துக்கலாம்"னுதான் சொல்லும்.

நண்பர் அடுத்த வாரமும் வர்றேன்னிருக்கார். அவரையே மும்பை வரைக்கும் ஓட்ட விடலாம்னு இருக்கேன். நோட்டும் பேனாவும் அவர் கையில :-)