குடும்பத்துடன் வருக

ஜூலை பிறந்தால் ரோட்டரி, அரிமா சங்கங்களின் பதவியேற்பு விழா அழைப்பிதழ்கள் குவியத் தொடங்குகின்றன. 'குடும்பத்துடன் வருக' என்ற வரி அவற்றில் தவறுவதில்லை. ஒடு உருபு உயர்ந்ததன் பெயரையே சாரும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்த விதி. வந்தவர் இளையரேயானாலும் உருபு அரசனைத்தான் சேரும். 'உடன்' அதே பொருளில் வழங்கும் சொல்லுருபு. அவ்விதியை அழைப்பிதழில் பொருத்திப் பார்த்தால் குடும்பமே உயர்ந்தது. உறுப்பினர் அதன் பின்னே வருபவர். மண்டபத்துக்குள் நுழைந்ததும் இலக்கணம் தலைகீழாகிவிடுகிறது. மேடையில் பெரும்பாலும் ஆண்கள், முன்வரிசையில் அவர்தம் மனைவியர், பிள்ளைகளுக்கு ஓரமாக ஒரு மாறுவேடப் போட்டி. பிறகு விருந்து. இதனைக் 'குடும்பப் பிணைப்பு' என்று ஆண்டறிக்கை எழுதிக்கொள்கிறது.

பெயரிடும் முறை இன்னும் வெளிப்படையானது. இந்திய ரோட்டரி சங்கங்கள் பலவற்றில் உறுப்பினரின் மனைவி 'ஆன்', பிள்ளை 'ஆனெட்'. 1914இல் ஹூஸ்டன் மாநாட்டுக்குச் சென்ற ரயிலில் பயணித்த ஓர் உறுப்பினரின் மனைவி பெயர் ஆன். பயணத்தில் வேடிக்கையாகப் பிறந்த விளி, அவர் வகுப்புக்கே பொதுப்பெயராயிற்று. ஒரு நூற்றாண்டு கடந்து, கொல்கத்தாவிலும் கோவையிலும், மருத்துவரான ஆயிஷாவும் வழக்குரைஞரான அலமேலுவும் அந்த அமெரிக்கப் பெண்மணியின் பெயரைச் சூடிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். கணவருக்கு அவருடைய சொந்தப் பெயர் இருக்கிறது. மனைவிக்கு உறவுமுறையே பெயராகிவிடுகிறது. அன்பின் மொழி என்று இதற்குச் சமாதானம் சொல்வோர், பெண் உறுப்பினரின் கணவருக்கு இத்தகைய செல்லப்பெயர் ஏன் ஊன்றவில்லை என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

பெண்கள் உறுப்பினராவதே நீதிமன்றம் வழியாக வந்த உரிமை. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக ரோட்டரியிலிருந்து நீக்கப்பட்டது. 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோட்டரி தலைமைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1989இல் ரோட்டரி தன் விதியையே மாற்றியது. அரிமா சங்கமும் 1987இல் கதவைத் திறந்தது. 'ஆன்' என்ற சொல் அன்றே வழக்கொழிந்திருக்க வேண்டும்.

பெண்களுக்கென இன்னர் வீல் இருக்கிறதே என்பர். 1924இல் மான்செஸ்டரில் ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர் அதைத் தொடங்கியது, தாங்களும் பணியாற்ற வேண்டும் என்ற வேட்கையால். அவ்வேட்கை மதிப்புக்குரியது. ஆனால் கணவர் ஒரு கூட்டத்துக்கும் மனைவி வேறொரு கூட்டத்துக்கும் போவதைக் குடும்பம் இணைந்தது என்று எப்படிக் கணக்கிடுவது? அரிமா சங்கத்தில் ஒரே குடும்பத்தின் கூடுதல் உறுப்பினர்களுக்குச் சர்வதேசக் கட்டணம் பாதி. பட்டியல் நீளும். அப்பெயர்களுக்கு உரியவர்கள் வரவு செலவைக் கேள்வி கேட்டால் வரவேற்பு எப்படியிருக்கும் என்பதே சோதனை.

இதே சங்கங்களிடம் வேறொரு முன்மாதிரி இருந்ததுதான் வேதனை. 1995இல் இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து நாள்கள் தொடங்கியபின், ஞாயிற்றுக்கிழமை முகாம்களில் ரோட்டரிக் குடும்பங்கள் சேர்ந்து உழைத்தன. ஒருவர் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து மருந்துக்குப்பியை எடுப்பார். இன்னொருவர் குழந்தையின் இடக்கைச் சிறுவிரலில் மை வைப்பார். அடுத்த நாள்களில் வீடு வீடாகச் சென்ற குழுக்கள், மருந்து பெற்ற வீட்டுச் சுவரில் 'பி' என்றும், விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் குறியிட்டன. ஆண்கள் வாசலோடு நின்றுவிட நேர்ந்த வீடுகளில் பெண்கள் உள்ளே சென்று தாயரிடம் பேசினார்கள். 'எக்ஸ்' 'பி' ஆனது பெரிதும் அப்பேச்சினால். அங்கே மனைவி விருந்தினர் அல்லர்; அவரில்லாமல் வேலை நடக்காது. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. அவ்வெற்றி அரசு ஊழியர்களுக்கும் எண்ணற்ற முன்களப் பெண்களுக்கும் உரியது. சங்கக் குடும்பங்களுக்கும் அதில் சிறு பங்குண்டு.

சேர்ந்து உண்பதால் வராத நெருக்கம், சேர்ந்து அலைந்து, ஒரு வாசலில் மறுக்கப்பட்டுத் திரும்பும்போது வரக்கூடும். அதற்கு முகாமை எங்கே நடத்துவது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற முடிவுகளில் வீட்டாருக்கும் இடம் வேண்டும். இப்போதோ, வாரக் கூட்டம் இரவு எட்டு மணிக்கு என்று முடிவாகிறது. அந்நேரத்தில் வீட்டில் பிள்ளைக்குச் சோறு போடுபவர் யார், பாடம் சொல்லித் தருபவர் யார் என்று எந்தச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டிலும் ஒரு கேள்விகூடப் பதிவாகவில்லை.