மனைவியைக் கூட்டிவர 29,000 பவுண்டு!



லண்டன்ல நிரந்தர வதிவுரிமை கிடைச்சாச்சு, இனி ஊர்ல இருக்கிற மனைவியைக் கூப்பிட்டுக்கலாம்னு நினைக்கிற நம்ம தம்பிக்கு முதல்ல வந்து விழற கேள்வி: சம்பளம் எவ்வளவு?

2012-ல் 18,600 பவுண்டாக வைத்த வருமான வரம்பை, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆக்கியது கன்சர்வேட்டிவ் அரசு. அடுத்து 38,700 வரை ஏற்றத் திட்டம். பிறகு வந்த லேபர் ஆட்சி அந்த ஏற்றத்தை நிறுத்தியது. 29,000-ல் கை வைக்கவில்லை.

கணக்கு போட்டுப் பாருங்க. 2025 ஏப்ரலில் அங்கே 21 வயது நிரம்பியவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், 52 வாரமும் உழைத்தாலும் 25,400 கூடத் தேறாது. அரசே நிர்ணயித்த கூலியை வாங்கறவன், மனைவியோட வாழ மட்டும் தகுதி இல்லாதவனா?

ஊர்ல மனைவி பேங்க்ல வேலை பார்த்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. சேமிப்பைக் காட்டலாம், அதை மட்டுமே காட்டணும்னா 88,500 பவுண்டு ஆறு மாசம் கையில இருக்கணும். அவ்வளவு பணம் இருக்கறவன் ஏன்யா பெட்ரோல் பங்க்ல நைட் ஷிஃப்ட் பாக்கறான்?

அரசுக்குச் சுமையாகிடுவாங்களாம். துணை விசாவில் வருபவருக்கு அரசு உதவிப்பணமே பொதுவாகக் கிடையாது! மருத்துவத்துக்கும் ஆண்டுக்கு 1,035 பவுண்டுனு முன்கூட்டியே வாங்கிடறாங்க.

வரம்பு குறைந்தபட்சக் கூலியைத் தாண்டக் கூடாது. துணையின் வருமானத்தையும் சேர்க்கணும். அங்கே ஓட்டுரிமை உள்ள உறவுகள் இதை உங்க தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே எழுதுங்க.