வாடகை வீட்டு அட்வான்ஸ்: சட்டம் சொல்வது மூணு, தெரு கேட்பது பத்து!

செங்கல்பட்டு ரெயில் நிலையம். விடிகாலை நேரம். தெற்கே இருந்து வருகிற ரெயிலில் இருந்து ஒரு கூட்டம் இறங்குகிறது. கையில் சூட்கேஸ், தோளில் ஒரு பை, சட்டைப் பையில் ஊர்க்காரர் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு போன் நம்பர். அவ்வளவுதான் சொத்து.

ஒருவருக்கு மறைமலைநகர் தொழிற்பேட்டையில் வேலை. இன்னொருவருக்கு பரனூர் மகிந்திரா சிட்டியில். வேறொருவர் பஸ் பிடித்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக வேண்டும். அங்கே ஓட்டலில் சப்ளையர் வேலை, அல்லது சிற்பக்கூடத்தில் கல் செதுக்கும் வேலை. மாமல்லபுரத்துக்கு ரெயில் கிடையாது. செங்கல்பட்டில் இறங்கித்தான் கிழக்கே போகணும்.

வேலை கிடைத்து விட்டது. வீடு?

அங்கேதான் ஆரம்பிக்கிறது தலைவலி.

"எந்த ஊரு தம்பி? கல்யாணம் ஆச்சா? எத்தனை பேரு? அடிக்கடி சொந்தக்காரங்க வருவாங்களா?"

எல்லாக் கேள்விக்கும் பவ்யமாகப் பதில் சொன்ன பிறகு கடைசியில் வருகிறது குண்டு.

"வாடகை ஆறாயிரம். அட்வான்ஸ் பத்து மாசம்."

"கொஞ்சம் குறைச்சிக்கக் கூடாதாம்மா?"

"பக்கத்துத் தெருவுல கேட்டுப் பாருப்பா. எல்லா இடத்துலயும் இதான் வழக்கம்."

கணக்குப் பாருங்கள்!

பத்து மாத அட்வான்ஸ் 60 ஆயிரம். முதல் மாத வாடகை 6 ஆயிரம். வீடு காட்டிய புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 6 ஆயிரம். ஆக மொத்தம் 72 ஆயிரம் ரூபாய்! வந்தவருக்குச் சம்பளம் 15 ஆயிரம் என்று வைத்துக் கொண்டால், சாப்பிடாமல், டீ குடிக்காமல் இருந்தாலும் ஐந்து மாதச் சம்பளம் போய் விடும். அதுவும் முதல் மாதச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே வைக்க வேண்டும்.

கையில் பணம் ஏது? ஊரில் அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. அது போதாவிட்டால் மூணு வட்டிக்குக் கடன். 72 ஆயிரத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 2,160 ரூபாய். அப்படியானால் அவர் கொடுக்கிற வாடகை 6 ஆயிரம் அல்ல, 8,160 ரூபாய். வட்டி மட்டும் வருஷத்துக்கு 25,920 ரூபாய்! அசல் அப்படியே நிற்கும். வீட்டுக்காரர் கையில் இருக்கும் 60 ஆயிரத்துக்கோ ஒரு பைசா வட்டி கிடையாது.

பிழைக்க வந்த ஊரில் முதல் நாளே கடனாளி. இதற்குப் பெயர் வழக்கமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பத்து மாத வழக்கம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றுதான் இருந்தது. சட்டம் ஒன்று என்றது. தெரு பத்து வாங்கியது. கேட்பார் இல்லை.

அந்தச் சட்டத்தை எடுத்து விட்டு, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் புதுச் சட்டத்தை 2017-ல் தமிழ்நாடு கொண்டு வந்தது. 2019 பிப்ரவரி 22-ந் தேதி அது அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது இது. தகராறு வந்தால் விசாரிக்க, துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒரு வாடகை அதிகாரி உண்டு. குடித்தனக்காரரை விரட்டுவதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. வீட்டைக் காலி செய்தால், பாக்கி போக மீதி அட்வான்சை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

அட்வான்ஸ் எவ்வளவு? மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்ட விரோதம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியின் தொடக்கத்திலேயே ஒரு வால் இருக்கிறது. 'வேறு விதமான ஒப்பந்தம் இருந்தால் தவிர' என்பதுதான் அது. அதாவது இரண்டு பேரும் சம்மதித்து எழுதிக் கொண்டால் பத்து மாதமும் வாங்கலாம்!

பெட்டியோடு தெருவில் நிற்பவன் சம்மதிக்காமல் என்ன செய்வான்? நாளைக் காலை ஷிப்டுக்குப் போகணும். ராத்திரி தலை சாய்க்க இடம் வேணும். கையெழுத்துப் போடு என்றால் போடத்தான் செய்வான். கதவைப் பூட்டி விட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான் இது.

மத்திய அரசு 2021-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம்தான் உச்சவரம்பு. ஜெர்மனியில் மூன்று மாதம். அதையும் மூன்று மாதத் தவணையில் கட்டலாம். வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அங்கே வீட்டுக்காரர்கள் ஒன்றும் தெருவுக்கு வந்து விடவில்லை.

வீட்டுக்காரர் பக்கம்

வீடு விடுகிறவர்கள் எல்லாரும் பெரிய பணக்காரர்கள் என்று சொல்லி விட முடியாது. ரிடையர் ஆன பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மருந்து மாத்திரை வாங்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். ஆறு மாதம் வாடகை தராமல் இழுத்தடித்து, குழாயை உடைத்து, கரண்ட் பில்லை வைத்து விட்டு இரவோடு இரவாகக் காலி செய்த ஆட்களும் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது.

ஆனால் பயத்துக்கு மருந்து அட்வான்ஸ் அல்ல. பதிவு செய்த ஒப்பந்தம்தான் மருந்து. வாடகை தராதவரைக் காலி செய்யச் சொல்லி மனுப் போட இதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஸ்டாம்பு பேப்பரில் பதினொரு மாதத்துக்கு எழுதி பீரோவில் வைத்துப் பூட்டினால், அது வீட்டுக்காரரையும் காப்பாற்றாது, குடித்தனக்காரரையும் காப்பாற்றாது.

கடற்கரைக் கூத்து

மாமல்லபுரத்தில் கதை இன்னும் கஷ்டம். சுற்றுலாப் பயணிகள் வருகிற ஊர். நாள் வாடகைக்கு அறை விட்டால் லாபம் என்று தெரிந்த பிறகு, மாத வாடகைக்கு வரும் ஓட்டல் தொழிலாளிக்கும் சிற்பத் தொழிலாளிக்கும் யார் இடம் தருவார்கள்? பலகை சிலைக்கு விலை பேசும் ஊரில், அதைச் செதுக்கினவனுக்கு வீடு கிடைப்பதில்லை. திருக்கழுக்குன்றத்திலோ அதற்கும் தள்ளியோ அறை எடுத்துக் கொண்டு தினமும் பஸ்சில் வர வேண்டியதுதான். கடைசி பஸ்சை விட்டால் அன்றிரவு வேலை பார்த்த இடத்திலேயே படுக்கை.

செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, கூடவே மாற்றலாகி வந்த குமாஸ்தாக்களும் வந்தார்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வீடு தேடுகிற கூட்டம் பெருகியது. வாடகை ஏறாமல் இருக்குமா?

ஆதார் ஒருவரிடம் மட்டுமா?

2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையில் தேடப்பட்ட 5 பேர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, குடித்தனக்காரர் விவரத்தைப் போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. நல்லதுதான். ஆனால் வீடு விடுகிற ஆள் நிஜமாகவே வீட்டுக்காரர்தானா என்று பார்ப்பது யார்?

வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் சொந்த வீடு என்று சொல்லி, வேறு ஆளுக்குப் போக்கியத்துக்கு விட்டு, லட்சக்கணக்கில் வாங்கிக் கொண்டு கம்பி நீட்டும் மோசடி சென்னையிலும் புறநகரிலும் நடந்து கொண்டுதான் இருக்கிறது. ஏமாறுகிறவர் பெரும்பாலும் ஊருக்குப் புதுசு. ஆகவே அட்வான்சை நீட்டும் முன் வீட்டு வரி ரசீதையும் கரண்ட் கார்டையும் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. பெயர் ஒத்துப் போக வேண்டும். பணத்தை பேங்க் மூலம் கொடுக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேட்க வேண்டும். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்படுகிற இடத்தில் குடி போகாமல் இருப்பதே நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, சட்டத்தின் வாலை அரசு நறுக்க வேண்டும். 'வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர' என்பதை எடுத்து விட்டு, மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான் என்று ஆக்க வேண்டும்.

இரண்டாவது, வாடகை அதிகாரி எங்கே இருக்கிறார், எப்படி மனுக் கொடுப்பது என்று செங்கல்பட்டு ரெயில் நிலையத்திலும், மாமல்லபுரம் பஸ் நிலையத்திலும், தொழிற்பேட்டை வாசல்களிலும் தமிழிலும் இந்தியிலும் போர்டு வைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

மூன்றாவது, ஆள் வேண்டும் என்று வெளியூரில் போய்ச் சேர்க்கும் கம்பெனிகள், வேலைக்குச் சேரும் நாளிலேயே அட்வான்ஸ் தொகையை வட்டி இல்லாக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக் கொள்ளலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்காக கூடுவாஞ்சேரியிலும் தாம்பரத்திலும் அரசின் தோழி விடுதிகள் உண்டு. ஆண்களுக்கும் குடும்பங்களுக்கும் அதுபோல ஏன் இருக்கக் கூடாது?

இன்று மூன்று மாதத்தோடு நிறுத்திக் கொள்கிற வீட்டுக்காரருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர் பிள்ளையும் நாளை ஓசூரிலோ கோவையிலோ பெங்களூரிலோ ஒரு பெட்டியோடு இறங்குவான். முன்பின் தெரியாத ஒரு வாசலில் நின்று, "கொஞ்சம் குறைச்சிக்கக் கூடாதாம்மா?" என்று கேட்பான்.

அங்கே அவனுக்கு என்ன பதில் கிடைக்க வேண்டுமோ, அந்தப் பதிலை இங்கே வந்தவனுக்குச் சொன்னால் போதும்!